காயா அரசிக்கு அழைப்பில்லை

ஆர்த்திகாவின் கலியாணப் பேச்சு பாதியில் நின்றுபோனதற்குக் காரணம் ஒரு பெண். அந்தப் பெண் இறந்து ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அவளை வீட்டுக்குள் கூட்டிவந்தவர் ஆர்த்திகாவின் அப்பா யோகேந்திரன்தான். மொன்றியலில் நகர பஸ் ஓட்டுகிறவர். எந்தத் தெருவில் எந்தக் குழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். வாயைத் திறந்தால் மட்டும் எங்கே திரும்பவேண்டும் என்று அவருக்குத் தெரியாது என்பது மனைவி ஜெகதீஸ்வரியின் கணிப்பு.

மகள் ஒரு கொரியப் பையனை விரும்புகிறாள் என்று தெரிந்தபோது அவர் பெரிதாகக் குழம்பவில்லை. பையன் பெயர் மின்ஜே. கோட்-டெ-நெய்ஜில் அவர்கள் இருக்கும் குடியிருப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் பல்கலைக்கழகம். அங்கே இருவரும் ஒன்றாக பிசியோதெரபி படித்தவர்கள். முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்று மின்ஜேக்குத் தகப்பனிடமிருந்து போன் வந்தது. "அப்பா" என்று கூப்பிட்டுத்தான் அவன் பேச்சைத் தொடங்கினான். யோகேந்திரன் கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டார். கொரிய மொழியிலும் அப்பா அப்பாதானாம். அந்த நிமிடமே அவருக்குப் பையனைப் பிடித்துவிட்டது. ஜெகதீஸ்வரிக்கு அதற்கு முன்பே பிடித்திருந்தது. சாப்பிட்ட கோப்பையை அவன் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தான்.

சிக்கல் செயின்ட்-மிஷேலில் இருந்தது. அங்கேதான் யோகேந்திரனின் அக்கா செல்வமலர் இருந்தார்.

தம்பியை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுத்தவர் செல்வமலர். தன் வீட்டிலேயே ஒரு கார்டெரி வைத்து, அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறார். ஆர்த்திகாவும் அங்கே வளர்ந்தவள்தான். சொந்தப் பிள்ளை இல்லாத செல்வமலர் மருமகளுக்குச் செய்யாத சடங்கு இல்லை. காது குத்தும்போது மடியில் வைத்திருந்தது அவர். முதல் பள்ளிக்கூட நாளில் கையைப் பிடித்துக்கொண்டு போனதும் அவர்.

மின்ஜேயைப் பற்றிச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"முறை என்ன?"

"அக்கா, அவங்கள் கொரியா. இதிலை முறை எண்டு என்னத்தைச் சொல்லுறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். மண்டபத்திலை ஆரும் வந்து மாப்பிள்ளை ஆர், என்ன வழி எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல? கம்பசிலை சந்திச்ச ஆள் எண்டோ?"

பையன் நல்லவன் என்று யோகேந்திரன் சொல்லிப் பார்த்தார். நல்லவன் என்பதில் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார் செல்வமலர். ஆனால் யாரென்று சொல்லத் தெரியாத ஒருவனுக்குத் தன்னால் ஆராத்தி எடுக்க முடியாது, நீங்கள் நடத்துங்கள், நான் வீட்டிலிருந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டார். பிடிவாதத்தில் ஆர்த்திகாவும் மாமியைப் போலத்தான். மாமி வராத மணவறையில் தான் இருக்கப்போவதில்லை என்று அவளும் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

இந்த நிலையில்தான், பஸ் கடைசித் தரிப்பில் நிற்கும் நேரத்தில், யோகேந்திரனின் போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது.

கொரியாவின் தென்கோடியில் ஒரு காலத்தில் காயா என்றொரு தேசம் இருந்தது. அங்கே முதலில் அரசன் இல்லை. ஒன்பது தலைவர்கள் இருந்தார்கள். ஒருநாள் வானத்திலிருந்து ஒரு பொற்பெட்டி இறங்கியது. அதற்குள் ஆறு பொன் முட்டைகள். முதலில் பொரித்து வெளியே வந்தவன் பெயர் சுரோ. அவன்தான் காயாவின் முதல் அரசன். மண்ணுக்குள் இரும்பு இருந்தது. அதை உருக்கிக் கப்பலேற்றிக் கடல்கடந்து விற்றார்கள். சின்ன தேசம் பெரிய தேசங்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வளர்ந்தது. அரசனுக்கு மட்டும் பெண் அமையவில்லை. அப்போது தென்மேற்குக் கடலில் சிவப்புப் பாய் விரித்து ஒரு கப்பல் வந்தது. அயுதா என்ற தூர தேசத்து இளவரசி அதில் வந்து இறங்கினாள். பெயர் ஹொ ஹுவாங்-ஓக். வயது பதினாறு. கடல் கொந்தளிக்காமல் இருக்கக் கப்பலில் கற்கோபுரம் ஒன்றையும் ஏற்றி வந்திருந்தாள்.

இது கொரியர்களின் பழைய கதை. அந்த அயுதா எங்கே இருந்தது என்பதில்தான் சண்டை. வடக்கே அயோத்தி என்கிறார்கள் சிலர். வீடியோவில் பேசியவரோ தமிழ்நாட்டின் தென்கரையிலிருந்து கொரியா வரைக்கும் வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுத்துக் காட்டினார். கொரியாவில் கிம் என்ற குடும்பப் பெயர்க்காரர் பலர் அந்த அரசியின் பிள்ளைகளின் வழி என்றும் சொன்னார்; மின்ஜேயின் குடும்பப் பெயரும் கிம்தான். யோகேந்திரனுக்கு அந்தக் கோடு போதுமாக இருந்தது.

கதையை அவர் அக்காவிடம் கொண்டுபோனார். போகிற வழியில் அது கொஞ்சம் வளர்ந்துவிட்டது. செயின்ட்-மிஷேலை எட்டும்போது கப்பல் தங்கள் ஊர்த் துறைமுகமான காங்கேசன்துறையில் ஒருமுறை தரித்திருந்தது. இளவரசியின் அண்ணன் கடல் ஒத்துக்கொள்ளாமல் அங்கேயே இறங்கிவிட்டான். அந்த அண்ணனின் வழியில் வந்தவர்கள்தான் தங்கள் தகப்பன் பக்கத்து ஆட்கள் என்று பழைய ஆட்கள் சொல்லுவார்களாம்.

"ஆர் சொன்னது?" என்றார் செல்வமலர்.

"எங்கடை ஐயா சொன்னவர். நீங்கள் அப்ப கனடா வந்திட்டியள்."

செல்வமலர் ஒரு குழந்தைக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டே யோசித்தார். அரசி எங்கள் வீட்டுப் பெட்டை. மின்ஜே அவளுடைய பிள்ளைகளின் வழி. நாங்கள் அவளுடைய அண்ணனின் வழி. அண்ணன் வீட்டாருக்குத் தங்கையின் பிள்ளை என்ன முறை? அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அப்ப அவன் மருமகன்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

"விசரா, இதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே? உரிமைப் பெடியனை வைச்சுக்கொண்டு ஏன் என்னோடை மல்லுக்கட்டினனி?"

அந்த வெள்ளிக்கிழமையே கோயிலில் அவர் கண்டவர்களுக்கெல்லாம் செய்தியைச் சொன்னார். மாப்பிள்ளை வெளியாள் இல்லை, இரண்டாயிரம் வருஷத்துச் சொந்தம், விட்ட குறை இப்போதுதான் கூடி வருகிறது என்றார்.

இரண்டு குடும்பமும் சந்திக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குறித்தார்கள். மின்ஜேயின் தகப்பன் கிம் சாங்ஹோ ஒரு பெட்டி நிறையப் பேரிக்காயுடன் வந்தார். வில்லரேயில் மூலைக்கடை ஒன்று வைத்திருக்கிறவர். மனைவி இறந்து சில வருடங்களாகின்றன. அதிகம் பேசாத மனிதர். ஆனால் ஜெகதீஸ்வரியின் நண்டுக்குழம்பை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பொதுமொழி பிரெஞ்சு. பஸ் ஓட்டியும் கடைக்காரரும் கார்டெரி அக்காவும் அதில் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். தை மாதமா, அடுத்த கோடையா என்பது வரைக்கும் பேச்சு வந்துவிட்டது.

பாயசம் பரிமாறும்போது யோகேந்திரன் தான் சேர்த்து வைத்திருந்ததை எடுத்தார்.

"நீங்கள் எந்த ஊர்க் கிம்?" என்று கேட்டார்.

கிம் நிமிர்ந்து பார்த்தார். கனடாவில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. "கிம்ஹே. காயாவின் பழைய தலைநகர். நாங்கள் சுரோ அரசனின் வழி" என்றார். குரலில் பெருமை தெரிந்தது.

"நாங்கள் அரசியின் வீட்டு வழி" என்றார் யோகேந்திரன். "ஹொ வம்சம். ஒரே இரத்தம்!"

செல்வமலர் அந்த இடத்துக்காகவே காத்திருந்தவர்போல எழுந்துபோய் மின்ஜேயின் தலையில் கை வைத்து, "என்ரை மருமகன்" என்றார்.

கிம் கரண்டியைக் கீழே வைத்தார். அது விளையாட்டுப் பேச்சா, உண்மையா என்று மெதுவாகக் கேட்டார். உண்மைதான், பரம்பரையாகச் சொல்லி வருவது என்றார் யோகேந்திரன். கிம் பாயசத்தை முடிக்கவில்லை. சிறிது நேரம் மரியாதையாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, குனிந்து வணங்கி, சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார். திகதியைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை மின்ஜே ஆர்த்திகாவுக்கு விஷயத்தை விளக்கினான். ஹொ அரசிக்குப் பத்து ஆண் பிள்ளைகள். தன் பெயர் அழியக்கூடாது என்று அவள் கேட்டதால் இரண்டு பிள்ளைகளுக்கு அரசன் அவளுடைய குடும்பப் பெயரைக் கொடுத்தான். அதனால் கிம்ஹே ஊர்க் கிம்களும் ஹொக்களும் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள், அண்ணன் தம்பிகள். அவர்களுக்குள் கலியாணம் கிடையாது. இளம் ஆட்கள் பலர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. ஆனால் அப்பா பார்க்கிறவர். ஏன் இவ்வளவு தூரம் பார்க்கிறார் என்று தனக்கும் தெரியவில்லை என்றான்.

தமிழ்க் கணக்கில் மருமகனாக வந்தவன் கொரியக் கணக்கில் அண்ணனாகிவிட்டான்.

ஆர்த்திகா சத்தம் போடவில்லை. தகப்பனுக்கு முன்னால் வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, ஆரைக் கேட்டு எனக்கு வம்சம் தந்தனீங்கள்?"

யோகேந்திரன் கையிலிருந்த போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"மின்ஜே நகரசபையிலை போய்க் கலியாணத்தை எழுதுவம் எண்டு சொல்லுறான். அவன்ரை அப்பா வரமாட்டாராம். நீங்கள் சொன்னது பொய் எண்டால் மாமி வரமாட்டா. உண்மை எண்டால் அவர் வரமாட்டார். நான் ஆரோடை நிண்டு போட்டோ எடுக்கிறது?"

"பிள்ளை, நான் கதைக்கிறன்."

"நீங்கள் கதைச்சது காணும்" என்றார் ஜெகதீஸ்வரி அடுப்பங்கரையிலிருந்து.

ஆனாலும் அடுத்த ஞாயிறு யோகேந்திரன் கிம்மின் வீட்டுக்குப் போனார். கிம் இருப்பது இல்-பிசாரில். மரங்களும் தனி வீடுகளுமாக ஒரு தீவு. அந்தத் தீவுக்குள் போகும் பஸ்ஸுக்காக யோகேந்திரன் நெடுநேரம் காத்து நின்றார். பயணியாக நின்று பஸ்ஸைத் திட்டுவது அவருக்குப் புது அனுபவமாக இருந்தது.

கிம் தோட்டத்தில் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வந்தவரைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, நடக்கலாமா என்று கேட்டார். இருவரும் லவாலுக்குப் போகும் படகுத்துறை வரைக்கும் நடந்தார்கள். கோடையில் மட்டும் ஓடும் சின்னப் படகு, சில கார்களை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்" என்று கிம் தொடங்கினார். "பெயர் உன்சுக். இளவயதில் ஒருவனை விரும்பினாள். நல்லவன், ஒரே அலுவலகத்தில் வேலை. குடும்பப் பெயர் ஹொ. கிம்ஹே ஹொ."

யோகேந்திரன் படகிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"எங்கள் தகப்பன் அப்போது இல்லை. மூத்தவன் நான். வேண்டாம் என்று சொன்னது நான்தான். அண்ணன் தங்கைக்குள் கலியாணமா, காயா காலத்திலிருந்து நடக்காதது எங்கள் வீட்டிலா நடக்கவேண்டும் என்று கேட்டேன். அவள் சண்டை போடவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். அவன் வேறு இடத்தில் செய்துகொண்டான். அவள் செய்யவில்லை. நான் கனடாவுக்கு வந்துவிட்டேன். அவள் இன்னும் கிம்ஹேயில்தான் நூடில்ஸ் கடை வைத்திருக்கிறாள். அரசியின் சமாதிக்கு நடந்து போகிற தூரம்."

படகு அக்கரையைத் தொட்டது. கார்கள் இறங்கின.

"இப்போது என் மகனுக்கு ஹொ வம்சத்தில் பெண் எடுத்துவிட்டேன் என்று அவளுக்கு எந்த முகத்தோடு சொல்வேன்? சட்டம் உனக்கு மட்டும்தான் என்றா?"

யோகேந்திரன் துறையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நாங்கள் ஹொ வம்சம் இல்லை" என்றார்.

கிம் திரும்பிப் பார்த்தார்.

"கப்பல் வரைக்கும் வீடியோவில் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய அண்ணன் என்னுடைய ஆள்."

"உங்களுடைய ஆள் என்றால்?"

"நான் இறக்கியவன். அக்காவைச் சம்மதிக்க வைக்க."

"அரசி தமிழ்ப் பெண் என்பது?"

"சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்குள்ளேயே சண்டை."

கிம்மின் முகத்தில் கோபம் வருமென்று யோகேந்திரன் எதிர்பார்த்தார். வரவில்லை. கிம் தண்ணீரின் பக்கம் திரும்பினார். பிறகு, அப்படியென்றால் அதை உங்கள் அக்காவுக்கு முன்னால் சொல்லுங்கள் என்றார். இல்லாவிட்டால் கலியாண மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து அக்கா மருமகன் கதை சொல்லப்போகிறார். யாராவது அதைப் படம்பிடித்துப் போடுவார்கள். அது ஒருநாள் உன்சுக்கின் போனுக்கும் போய்ச் சேரும்.

"சொன்னால் அக்கா வரமாட்டா. எல்லாம் போய்விடும்."

"எங்கள் கடைசி அரசனும் அப்படி ஒரு இடத்தில்தான் நின்றான்" என்றார் கிம்.

துறைக்குப் பக்கத்திலிருந்த வாங்கில் உட்கார்ந்து அவர் அந்தக் கதையைச் சொன்னார். காயா ஒரே ராச்சியமாக இருந்ததில்லை. ஆறு முட்டைகளிலிருந்து ஆறு அரசர்கள் வந்தார்கள். கடைசிவரைக்கும் ஆறும் ஒன்றாகவில்லை. இரும்பு இருந்தவரைக்கும் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பிறகு வடக்கேயிருந்து படை வந்து அடித்த அடியில் சுரோவின் ராச்சியம் தளர்ந்தது. கடல் வியாபாரம் கைமாறியது. பக்கத்து சில்லா தேசம் வருடத்துக்கு வருடம் வளர்ந்து வந்தது. கடைசியில் அது வாசலுக்கு வந்தபோது அரசனாக இருந்தவன் குஹ்யோங். சண்டை பிடித்தால் சனம் அழியும் என்று அவனுக்குத் தெரிந்தது. கருவூலத்தை எடுத்துக்கொண்டு, அரசியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தானே போய் நாட்டை ஒப்படைத்தான். மற்றக் காயாக்களும் பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியாக விழுந்தது சண்டை பிடித்துத்தான் விழுந்தது.

யோகேந்திரனுக்கு நினைக்க ஊரில் வேறு இடங்கள், வேறு சண்டைகள் இருந்தன. பிறகு, "சனம் அவனைத் துரோகி என்று சொல்லவில்லையா?" என்று கேட்டார்.

"சொல்லியிருப்பார்கள். அவனுக்கே மனம் ஆறவில்லை போலிருக்கிறது. நாட்டைக் காக்காதவனுக்கு மண் எதற்கு, கல்லைப் போட்டு மூடுங்கள் என்று சொன்னானாம். மலையடியில் ஒரு கற்குவியல் இருக்கிறது, அவன் சமாதி என்று காட்டுவார்கள். ஆனால் சில்லா அவன் பிள்ளைகளை நன்றாக வைத்திருந்தது. அவனுடைய கொள்ளுப்பேரன் சில்லாவின் பெரிய தளபதியானான். அரசன் அன்றைக்குச் சண்டை பிடித்திருந்தால் வில்லரேயில் என் கடை இருந்திருக்காது."

கிம் எழுந்தார். "நீங்கள் விடவேண்டியது நாடு இல்லை. ஒரு அண்ணனைத்தான்" என்றார். அவர் அப்போதுதான் கொஞ்சம் சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை மாலை எல்லோரும் செயின்ட்-மிஷேலில் கூடினார்கள். கார்டெரியின் பெரிய அறைதான் செல்வமலரின் வரவேற்பறையும். சுவரெல்லாம் குழந்தைகள் வரைந்த சூரியன்கள். பெரிய கதிரைகள் போதவில்லை. மின்ஜே முழங்கால் மடித்து ஒரு குட்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தான். கிம் இந்தத் தடவையும் பேரிக்காய் கொண்டுவந்திருந்தார்.

யோகேந்திரன் நின்றுகொண்டே சொன்னார். வீடியோவில் என்ன இருந்தது, தான் எதைச் சேர்த்தார், தகப்பன் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை என்பது வரைக்கும் சொன்னார்.

செல்வமலர் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயாவின்ரை பேரிலை எண்டால் நான் நம்புவன் எண்டு நினைச்சனி, என்ன?"

"ஓம் அக்கா."

"சொல்லாட்டி வரமாட்டன் எண்டும் நினைச்சனி."

"ஓம்."

"சரியாத்தான் நினைச்சிருக்கிறாய்."

அவர் எழுந்துபோய்க் குசினியில் நின்றார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஜெகதீஸ்வரி பின்னால் போக எழும்ப, ஆர்த்திகா கையைப் பிடித்து இருத்தினாள். திரும்பி வந்த செல்வமலரின் முகம் கழுவப்பட்டிருந்தது. அவர் யோகேந்திரனைப் பார்க்கவில்லை. நேரே கிம்மிடம் திரும்பினார். கோபம் வந்தால் அவருக்குப் பிரெஞ்சு வராது. தமிழில் கேட்டார். ஆர்த்திகா மொழிபெயர்த்தாள்.

"இவன் சொன்ன பொய்க்கு நீங்கள் ஏன் எழும்பிப் போனீங்கள்? பெடியனுக்கே காரணம் தெரியாது எண்டு இவள் சொல்லுறாள்."

கிம் தங்கையைப் பற்றிச் சொன்னார். படகுத்துறையில் சொன்னதைவிடக் குறைவாகத்தான் சொன்னார். மின்ஜே குட்டிக் கதிரையிலிருந்து எழுந்துவிட்டான். அவனுக்கும் அது புதிது.

"அப்ப அவ இந்தப் பெடியனுக்கு மாமி" என்றார் செல்வமலர்.

தகப்பனின் தங்கை, ஆமாம் என்றார் கிம்.

"நானும் இவளுக்கு மாமிதான். கலியாணம் எண்டு அவவுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

கிம் இல்லை என்று தலையாட்டினார். புதுவருடத்துக்கு ஒரு செய்தி அனுப்புவதோடு சரி, குரலைக் கேட்டுக் கனகாலம் என்றார்.

"தாய் இல்லாத பிள்ளை. மாமி இருக்கேக்கை மாமிக்குச் சொல்லாமல் நீங்கள் என்ன திகதி குறிச்சனீங்கள்? பேந்து என்னை முறை கேக்கிறாள் எண்டு சொல்லுகினம்." ஆர்த்திகா கடைசி வசனத்தை மொழிபெயர்க்கவில்லை. செல்வமலர் விடவில்லை. "இப்ப அங்கை என்ன நேரம்?"

ஞாயிறு காலை என்றான் மின்ஜே. கடை திறக்கும் நேரம்.

"எடு."

மின்ஜே தகப்பனைப் பார்த்தான். கிம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் போனை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினான். நான்கைந்து தடவை மணி அடித்தது. பிறகு ஒரு பெண்ணின் குரல், பின்னால் பாத்திரங்களின் சத்தம்.

கிம் பேசத் தொடங்கினார். நின்று நின்று, சின்னச் சின்ன வசனங்களாக வந்தது. மறுபக்கத்தில் பாத்திரச் சத்தம் அடங்கிவிட்டது. "மன்னிப்புக் கேட்கிறார்" என்று மின்ஜே ஆர்த்திகாவிடம் மெதுவாகச் சொன்னான். பிறகு கிம் மகனின் கலியாணத்தைச் சொன்னார். யோகேந்திரனின் கதையையும் சொன்னார் போலும். காங்கேசன்துறை என்ற சொல் ஒருமுறை கொரிய மொழிக்குள் தடுமாறி வந்தது. யோகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார்.

உன்சுக் பேசினார். மின்ஜே முதலில் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னான்.

"அந்த அரசியால் எனக்கு ஒரு கலியாணம் போனது போதும். இந்தக் கலியாணத்துக்கு அவளைக் கூப்பிட வேண்டாம் என்கிறார்."

செல்வமலருக்கு அதை யாரும் தமிழில் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் போனுக்குக் கிட்ட வந்தார்.

"அவவைக் கூப்பிடேல்லை எண்டு சொல்லு. உங்களைத்தான் கூப்பிடுறம், கட்டாயம் வரவேணும் எண்டு சொல்லு. பெண்ணின்ரை மாமி கேக்கிறன்."

மின்ஜே சொன்னான். யார் அது, தமிழ்ப் பெண்ணின் மாமியா என்று உன்சுக் கேட்டார். நான் வந்தால் எங்கே உட்காருவது என்றும் கேட்டார். அந்தக் கேள்வி மட்டும் கொஞ்சம் மெல்லிய குரலில் வந்தது.

"தாய் இருக்கிற இடத்திலை" என்றார் செல்வமலர்.

அதன்பிறகு கிம்மோ யோகேந்திரனோ வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை. நடுவில் நின்ற மின்ஜேக்கு மூச்சுவிட நேரமில்லை. தை மாதம் குளிர், கோடையில்தான் வைக்கவேண்டும் என்றார் உன்சுக். அப்படியே ஆகட்டும் என்றார் செல்வமலர். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டு, மின்ஜே சொன்ன எண்ணிக்கையை நம்பாமல் இன்னொருமுறை கேட்டார் உன்சுக்.

ஜெகதீஸ்வரி பேரிக்காயை வெட்டிக் கொண்டுவந்து வைத்தார். யோகேந்திரன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, அப்ப மண்டபத்திலை ஆரும் கேட்டால்..."

"என்னத்தைக் கேட்டால்? நான் அவனைக் கோயிலிலை அவ்வளவு பேருக்கு முன்னாலை மருமகன் எண்டு சொல்லியாச்சு. சொன்ன வாயாலை இனி மாத்தேலாது. அவன் மருமகன்தான்." பிறகு குரலைத் தணித்தார். "உன்னோடை நான் பேந்து கதைக்கிறன்."

போனிலிருந்து உன்சுக் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மின்ஜே தயங்கினான். கொரிய வழக்கத்தில் மாப்பிள்ளையின் தாய் நீல உடை உடுப்பார், பெண் பக்கம் சிவப்போ ரோசாவோ உடுக்கவேண்டும், தாயின் இடத்தில் தான் இருப்பதானால் நீலம் தனக்குத்தானா என்று கேட்கிறார் என்றான்.

செல்வமலர் ஒரு கணம் யோசித்தார். நீலம்தான் அவர் வழக்கமாக எல்லாக் கலியாணத்துக்கும் உடுக்கிற நிறம். அவரைத் தெரிந்த யாரும் வேறு நிறத்தில் பார்த்ததில்லை.

"நீலம் அவவுக்கு" என்றார். "நான் வேறை பாக்கிறன் எண்டு சொல்லு."